தனிப்படம் அழகாக வருகிறது, மங்கா பக்கம் மட்டும் ஏன் சப்பென்று இருக்கிறது?

கேள்வி இதுதான்: அனிமே பார்த்துப் பார்த்து முகம், கண், முடி எல்லாம் வரையப் பழகியாகிவிட்டது. தனியாக ஒரு பாத்திரத்தை வரைந்தால் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அதே பாத்திரங்களை வைத்துப் பத்துப் பக்கக் கதை வரைந்தால் உயிரே இல்லை. பேனா சரியில்லையா, பேப்பர் சரியில்லையா, எங்கிருந்து தொடங்குவது?

பேனாவையும் பேப்பரையும் பிறகு பார்க்கலாம். சிக்கல் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. நீங்கள் பார்த்துப் பழகியது அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடம். வரைய நினைப்பது மங்கா, அதாவது ஜப்பானிய பாணிப் படக்கதை. இரண்டிலும் முகம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கோடு போடும் காரணம் வேறு.

அனிமேயில் ஒரே பாத்திரத்தைப் பல பேர் வரைகிறார்கள். ஒருவர் முக்கிய நிலைகளை வரைவார், இன்னொருவர் அதைத் திருத்துவார், இடைப்பட்ட படங்களை வேறு சிலர் போடுவார்கள். யார் கை பட்டாலும் முகம் மாறக்கூடாது. அதனால்தான் கோடு எங்கும் ஒரே தடிமனில், நிழல் ஓரிரு அடுக்கில், துணி மடிப்பு குறைவாக இருக்கும்படி வடிவமைக்கிறார்கள். நொடிக்கு 24 பிரேம் ஓடினாலும், ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று பிரேமுக்கு நிறுத்திவைப்பதால் பல காட்சிகளில் நொடிக்கு 12 படமோ 8 படமோதான் இருக்கும். பேசும்போது முகம் அப்படியே நிற்க, வாய் மட்டும் அசையும். 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ வாராவாரம் ஒளிபரப்பாகும் தொடராகத் தொடங்கியபோது, பணமும் நேரமும் போதாமல் பிடித்த வழி இது. பிறகு அதுவே அந்தத் தொழிலின் வழக்கமாகிவிட்டது. ஆக, அனிமேயை நிறுத்திவைத்துப் பார்த்து வரையும்போது, நிறம், குரல், அசைவு என்ற மூன்றையும் நம்பிப் போடப்பட்ட எளிய கோட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். காகிதத்தில் அந்த மூன்றுமே கிடையாது.

ஜப்பானில் மங்கா வாரப் பத்திரிகைகள் மலிவான மறுசுழற்சித் தாளில், பெரும்பாலும் ஒரே மையில் அச்சாகின்றன. சாம்பல் நிறம் என்று தனியாக ஒரு மை கிடையாது. அதனால் நிறமும் குரலும் அசைவும் செய்யும் வேலையை அங்கே கோட்டின் தடிமன், கருப்பு நிரப்பல், புள்ளி டோன் (சாம்பல்போலத் தெரிய ஒட்டும் புள்ளித்தாள்), பேனல் (படக்கட்டம்) அமைப்பு ஆகிய நான்கும் செய்கின்றன. உங்கள் பக்கம் சப்பென்று இருப்பதற்குக் காரணம் இந்த நான்கில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். பெரும்பாலும் கடைசியில் சொன்னதில்.

பேனல் அமைப்பு முடிவாகும் இடத்தை ஜப்பானியர் ‘நேம்’ என்பார்கள். முழுக்கதையையும் கிறுக்கலாகப் பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்ப்பது. ஆட்கள் குச்சி மனிதர்களாக இருந்தால் போதும், ஆனால் வசனம் முழுவதும் எழுதியிருக்க வேண்டும், வசனத்தைச் சுற்றிப் போடும் பலூன் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். பத்திரிகை ஆசிரியர் முதலில் பார்ப்பது இதைத்தான். இது சரி என்று ஆன பிறகே அசல் தாளில் பென்சில் படும். வாரப் பத்திரிகையில் ஓர் அத்தியாயம் ஏறக்குறைய 19 பக்கம் வரும். அந்த நெருக்கடியிலும் நேமைத் தவிர்ப்பதில்லை. நீங்கள் அதைத் தாண்டி நேராக முதல் பேனலில் கதாநாயகியின் கண்ணை வரைய உட்கார்ந்தால், மூன்றாவது பக்கத்தில் வசனத்துக்கு இடம் போதாமல் முட்டி நிற்பீர்கள்.

ஏ4 தாளைக் குறுக்கே மடித்தால் எதிரெதிர் இரண்டு பக்கம் கிடைக்கும். நேமுக்கு அது போதும். பக்கங்களைத் தனித்தனியாகப் போடாதீர்கள். புத்தகத்தில் கண் படுவது இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான். பக்கத்துக்கு ஐந்து அல்லது ஆறு பேனல் என்பது பாதுகாப்பான அளவு. எட்டு ஒன்பது என்று போனால் முகங்கள் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கும், பின்னணி போட இடமே இருக்காது. அதில் ஒரு பேனல் மற்றவற்றைவிடத் தெளிவாகப் பெரியதாக இருக்கட்டும். எது பெரியது? அந்தப் பக்கத்தில் நிலைமை எங்கே மாறுகிறதோ அது. தனக்கு நன்றாக வரும் முக்கால்பக்க முகத்துக்குப் பெரிய பேனலைக் கொடுத்துவிட்டு, கதவு திறந்து எதிரி நிற்கும் இடத்தைக் கீழ்மூலையில் தள்ளிவிடுவதுதான் புதிதாக வரைபவர்கள் செய்யும் முதல் கோளாறு.

படிக்கும் திசையை நேம் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். ஜப்பானிய மொழியை மேலிருந்து கீழாக எழுதி, வரிகளை வலமிருந்து இடமாக அடுக்குவதால் அவர்களுடைய பேனலும் வலமிருந்து இடம் போகிறது. தமிழ் வசனத்தை அந்த அமைப்பில் போட்டால் பலூனுக்குள் கண் இடமிருந்து வலம் ஓடும், அடுத்த பலூனுக்கு வலமிருந்து இடம் திரும்ப வேண்டும். மொழிபெயர்ப்பில் அசல் படத்தைக் கெடுக்கக் கூடாது என்று அதைப் பொறுத்துக்கொள்வார்கள். சொந்தமாகத் தமிழில் வரையும்போது அந்த வம்பு எதற்கு? இடமிருந்து வலமாகவே வரையுங்கள். மங்காத்தன்மை அதனால் ஒரு துளியும் குறையாது. கீழே சொல்வதெல்லாம் அந்தத் திசைக்கே.

பேனல்களுக்கு நடுவில் விடும் வெள்ளை இடைவெளியை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக விடாதீர்கள். அக்கம்பக்கத்துப் பேனல்களுக்கு நடுவே 3 முதல் 4 மி.மீ., மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே 7 முதல் 9 மி.மீ. விட்டால், கண் குறுகிய இடைவெளியைத் தாண்டி முதலில் பக்கவாட்டில் போகும். வரிசை முடிந்த பிறகே கீழே இறங்கும். எல்லாமே 5 மி.மீ. என்றால் வாசகர் பக்கவாட்டில் போவதா கீழே இறங்குவதா என்று ஒரு கணம் தடுமாறுவார். பக்கத்துக்கு இரண்டு முறை இப்படித் தடுமாறினால் கதை விட்டுப்போகும்.

மிகவும் வழுக்கும் அமைப்பு ஒன்றைச் சொல்கிறேன். இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு சின்னப் பேனல், வலப்பக்கம் இரண்டின் உயரத்துக்கும் ஒரே நெட்டைப் பேனல். நீங்கள் நினைத்த வரிசை: இடது மேல், இடது கீழ், பிறகு நெட்டை. வாசகர் கண்ணோ இடது மேலிருந்து நேராக நெட்டைக்குத் தாவிவிடும். சரிசெய்ய இரண்டு வழி. நெட்டைப் பேனலை இடப்பக்கத்துக்கு மாற்றிவிடலாம். அப்போது குழப்பமே இல்லை. மாற்ற முடியாது என்றால், முதல் பேனலின் கடைசி பலூனைக் கீழ்க்கோட்டை உடைத்து இரண்டாவது பேனலுக்குள் கொஞ்சம் தொங்கவிடுங்கள், நெட்டைப் பேனலின் பலூனை மேலே வைக்காமல் பாதிக்குக் கீழே வையுங்கள். கண் எழுத்தைத்தான் துரத்தும், அது இறங்கினால் கண்ணும் இறங்கும்.

பக்கம் திருப்பும் இடமும் கதைக்குப் பயன்படும். அச்சுப் புத்தகமானால் வலப்பக்கத்துக் கடைசி பேனலில் கேள்வியை விடுங்கள்: யாரோ கூப்பிடும் குரல், திரும்பும் தலை, திறக்கப்போகும் கதவு. பதில், திருப்பியவுடன் வரும் இடப்பக்கத்து முதல் பேனலில். அதிர்ச்சியை வலப்பக்கத்தில் வைத்தால், பக்கத்தைத் திருப்பிய நொடியிலேயே ஓரக்கண்ணில் பட்டுப் பாழாகும். போனில் ஒவ்வொரு பக்கமாகப் படிப்பவர்களுக்கு என்றால் எல்லாப் பக்கத்தின் முடிவுமே திருப்பும் இடம்தான்.

அடுத்தது பலூன். ஜப்பானிய பலூன் நெட்டையாக இருப்பது எழுத்து செங்குத்தாக இறங்குவதால். அதை அப்படியே நகல் எடுத்துத் தமிழ் எழுதினால் வரிக்கு ஒரு சொல் விழும், ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்பது பலூனைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கும். அகலமான முட்டை வடிவம் வேண்டும். வசனத்தைப் பேச்சுநடையிலேயே வைத்தால் சொல்லும் சுருங்கும், பலூனும் சுருங்கும். ஒரு பலூனுக்குப் பத்துச் சொல்லுக்குள். அதற்கு மேல் என்றால் இரண்டாகப் பிரித்து ஒட்டவையுங்கள். முதலில் எழுத்தை எழுதி, பிறகு அதைச் சுற்றி பலூன் வரைய வேண்டும். மாற்றிச் செய்தால் எப்போதும் இடம் போதாது. எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது ண, ன, ஐ போன்ற சுழி உள்ள எழுத்துகளை அச்சு அளவில் எடுத்துப் பாருங்கள். மிகத் தடித்த எழுத்துருவில் சுழி அடைத்துப்போய் எல்லாம் ஒரே கருப்புப் பொட்டாகிவிடும்.

ஒரு பேனலில் இரண்டு பேர் பேசினால், முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும். இல்லையென்றால் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டும். உரையாடல் முழுவதும் இவர் இடம், அவர் வலம் என்ற நிலையை மாற்றாதீர்கள். பேனலுக்குப் பேனல் ஆள் இடம் மாறினால் யார் யாரைப் பார்க்கிறார் என்பதே தெரியாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால், நடுவில் இருவரையும் தூரத்திலிருந்தோ மேலிருந்தோ காட்டும் ஒரு பேனலைப் போட்டுவிட்டு மாற்றுங்கள்.

நேம் முடிந்தது. இனி தாள். ஜப்பானில் தொழில்முறை அசல் தாள் பி4 அளவு, 257க்கு 364 மி.மீ. அதில் உள்சட்டம் (பேனல்கள் அடங்கும் எல்லை) 180க்கு 270, வெட்டுக்கோடு (அச்சானபின் தாளை வெட்டும் எல்லை) 220க்கு 310. இது பி5 பத்திரிகைக்கு ஏறக்குறைய 83 சதவீதமாகச் சுருங்குகிறது. சுருங்கும்போது கை நடுக்கம் மறையும், அதே சமயம் மிக மெல்லிய கோடும் காணாமல் போகும். பி4 நம்மூர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. ஜப்பானில் சொந்தப் பதிப்பு போடுபவர்கள் வைத்துக்கொள்ளும் ஏ4 அமைப்பே நமக்குத் தோது. உள்சட்டம் 150க்கு 220 மி.மீ., வெட்டுக்கோடு 182க்கு 257. பக்க விளிம்புவரை படம் போனால் வெட்டுக்கோட்டைத் தாண்டி இன்னும் 3 மி.மீ. வரையுங்கள், கத்தி ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் வெள்ளைக்கோடு தெரியாது. வசனமும் முகமும் உள்சட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தைத்த பக்கம் உள்ளே மடங்கும்போது முதலில் பலியாவது அங்கே தவறி வைத்த பலூன்தான். இதை ஏ5 புத்தகமாக அச்சிட்டால் சுமார் 81 சதவீதமாகச் சுருங்கும்.

தாளின் கனத்தை அங்கே ஆயிரம் பெரிய தாளின் எடையை வைத்து 110 கிலோ, 135 கிலோ என்பார்கள். நம் கணக்கில் சுமார் 128, 157 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). நீங்கள் 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத, வழவழப்பான வெள்ளைத்தாள் கேளுங்கள். சொரசொரப்பான டிராயிங் ஷீட் வேண்டாம். மையில் முக்கி வரையும் பேனாவின் நிப்பில் இரண்டு முனையும் நாரில் மாட்டி மை தெறிக்கும்.

நிப்பில் மூன்று வகை போதும். ஜி நிப் அழுத்தத்துக்கு ஏற்ப மெல்லியதிலிருந்து தடிமனுக்குப் போகும், ஆளின் வெளிக்கோட்டுக்கு. மாரு நிப் மிக மெல்லியது. கண், முடி, பின்னணி. கபுரா நிப் கிட்டத்தட்ட ஒரே தடிமன். கை பழகாதவர்களுக்கு ஏற்றது. ஜீப்ரா, நிக்கோ, தச்சிகாவா மூன்றும் தெரிந்த தயாரிப்புகள். புது நிப்பில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருக்கும். துடைக்காமல் முக்கினால் மை உருண்டு நிற்கும், பிறகு திடீரென்று சொட்டும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவைத்தால் போதும். தீயில் காட்டுவதானால் கண்மூடித் திறக்கும் நேரம்தான். அதிகம் சூடானால் உலோகம் இளகி நிப் விரிந்துகொள்ளும். நிப்பின் நடுத்துளை பாதி நனையும்வரை முக்கி, புட்டியின் வாயில் ஒருமுறை தொட்டு எடுங்கள். கோட்டை உடம்பை நோக்கி இழுக்க வேண்டும், வெளியே தள்ளக்கூடாது. திசை ஒத்துவரவில்லை என்றால் தாளைச் சுற்றுங்கள். ஸ்கேல் வைத்து இழுக்கும்போது அதன் சரிவான விளிம்பைத் தாள் பக்கமாகக் கவிழ்த்து வையுங்கள். இல்லையென்றால் மை அடியில் ஊறிப் பேனலே நாசம்.

மை தண்ணீரில் கரையாத கருப்பாக இருக்கட்டும். கரையும் மைமேல் வெள்ளை மை வைத்துத் திருத்தினால் இரண்டும் கலந்து அழுக்குச் சாம்பலாகும். மை நன்றாகக் காய்ந்தபின் ரப்பர் போடுங்கள். ரப்பர் கருப்பையும் கொஞ்சம் உரித்துவிடும்; அதன்பின் வெளிறிய இடங்களை மறுபடி தொட வேண்டும். நிப் கிடைக்கவில்லை என்றால் பைன்லைனர் பேனா மூன்று போதும்: சட்டத்துக்கு 0.8, வெளிக்கோட்டுக்கு 0.3, உள்ளுக்கு 0.05. அதில் தடிமன் தானாக மாறாது, நிழல் விழும் இடத்தில் இரண்டாம் முறை ஓட்டிக் கோட்டைப் பருமனாக்க வேண்டும்.

தடிமன் எங்கே? தாடைக்கு அடியில், முடிக்கற்றை நெற்றியில் படியும் இடத்தில், கை உடம்பை மறைக்கும் விளிம்பில், காலணியின் கீழே. பொருள் கிட்டே வந்தால் தடிமன், தள்ளிப்போனால் மெலிவு. கண்ணில் மேல் இமைதான் முகத்திலேயே அதிகத் தடிமன். கருவிழியின் உச்சியை அது மறைக்க வேண்டும். கருவிழி முழு வட்டமாக வெள்ளையில் மிதந்தால் பாத்திரம் எப்போதும் திகைத்தே நிற்கும். கீழ் இமைக்கு வெளிமூலையில் சின்னக் கோடு போதும். பக்கவாட்டு முகத்தில் கண் முட்டையாக இருக்காது, முன்பக்கம் விரிந்த ஆப்பு வடிவம். மண்டையின் பின்பக்கத்தைத் தட்டையாக வெட்டிவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. முடியை வரையும் முன் மொட்டைத்தலையைப் பென்சிலில் போட்டால் தப்பலாம்.

பெரிய கண் என்பதே மங்கா என்று நினைக்க வேண்டாம். 1957இல் யோஷிஹிரோ தத்சுமி ‘கெகிகா’ என்று பெயரிட்ட வகையில் முகங்கள் கரடுமுரடானவை, கண் சிறியது, கருப்பு அதிகம். 1970களின் பெண்கள் மங்காவில் மோட்டோ ஹாகியோ, கெய்கோ தகேமியா போன்றவர்கள் பேனல் கோட்டையே எடுத்துவிட்டு, மனதில் ஓடும் வார்த்தைகளை பலூன் இல்லாமல் பக்கத்தில் மிதக்கவிட்டார்கள். உங்கள் கதை சண்டையா, மனப்போராட்டமா, சிரிப்பா என்பதைப் பொறுத்தே உடல் அளவும் அமையும். ஆறேழு தலை உயர ஆள் சோகத்தையும் சண்டையையும் தாங்குவான். இரண்டு மூன்று தலை உயரத்துக்குச் சுருக்கினால் சிரிப்புதான் வரும். நடுநடுவே ஒரு பேனலுக்கு மட்டும் அப்படிச் சுருக்குவது அங்கே சர்வசாதாரணம்.

கருப்பு நிரப்பலில் பயப்படாதீர்கள். பென்சில் நிலையிலேயே, கருப்பாக வேண்டிய இடத்தில் சின்னப் பெருக்கல் குறி போட்டுவையுங்கள். உதவியாளர்கள் நிரப்புவதற்காக அங்கே போடும் குறி அது. பக்கத்தைக் கை நீட்டிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கருப்புத்திட்டுகள் பெரிய பேனலை நோக்கிக் கண்ணை இழுக்க வேண்டும். எங்கும் கருப்பில்லை என்றால், நீங்கள் ‘சப்பென்று இருக்கிறது’ என்று சொன்னது இதையாக இருக்கலாம்.

டோனில் வரி எண்ணிக்கையும் சதவீதமும் இருக்கும்: 60 வரி, 10 சதவீதம் என்றால் அங்குலத்துக்கு 60 வரிசைப் புள்ளி, தாளின் பத்தில் ஒரு பங்கு கருப்பு. பக்கத்துக்கு இரண்டு அடர்த்தி போதும், தோலை வெள்ளையாகவே விடுங்கள். எல்லா இடத்திலும் டோன் ஒட்டினால் பக்கம் மழைக்கால வானமாகிவிடும். இரண்டு டோனை ஒன்றன்மேல் ஒன்று கோணம் பிசகி ஒட்டினாலும், ஒட்டிய பக்கத்தை ஸ்கேன் செய்து அளவை மாற்றினாலும், புள்ளிகள் மோதிக் கட்டம் கட்டமாக அலை தெரியும். இதைப் பிறகு சரிசெய்யவே முடியாது. ஒட்டும்போது வேண்டிய அளவைவிடப் பெரிதாக வெட்டி, லேசாகப் படியவிட்டு, பிளேடால் மேற்படலத்தை மட்டும் கீறி மிச்சத்தை உரித்த பிறகே அழுத்தித் தேயுங்கள். அடியில் பென்சில் அழுக்கு இருந்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

வேகக்கோடு, குவிகோடு பற்றிச் சுருக்கமாக: குவியும் இடத்தில் குண்டூசி குத்தி அதில் ஸ்கேலைச் சாய்த்து, சட்டத்திலிருந்து உள்நோக்கி இழுத்து முனையில் கையை எடுங்கள். எல்லாக் கோடும் ஒரே நீளம், ஒரே இடைவெளி என்றால் குடைக்கம்பி போலத் தெரியும். நான்கைந்தைக் கொத்தாகச் சேர்த்து, பிறகு கொஞ்சம் வெறுமை விட்டு, நீளத்தைக் கலைத்துப் போடுங்கள். முகத்தைச் சுற்றி வெள்ளை மிஞ்ச வேண்டும்.

கணினியில் வரைந்தாலும் இதே கதைதான். கிளிப் ஸ்டூடியோ பெயின்ட்டில் பக்க அமைப்பு தயாராகவே இருக்கிறது. அச்சுக்கு 600 டிபிஐ, கருப்பு வெள்ளை மட்டும். டோனை இறுதி அளவில்தான் போட வேண்டும். இணையத்துக்கு மட்டும் என்றால் புள்ளி டோனுக்குப் பதில் வெறும் சாம்பல் நிறமே நல்லது, திரை அளவு மாறும்போது அலை வராது. 400 சதவீதம் பெரிதாக்கி இமை மயிரை வரைந்துகொண்டிருப்பது நேர விரயம். அச்சில் அது ஒரு புள்ளி. அடிக்கடி படத்தை இடவலம் புரட்டிப் பாருங்கள், சாய்ந்த கண்ணும் கோணிய தாடையும் உடனே காட்டிக்கொடுக்கும்.

இப்போது கையில் இருக்கும் பத்துப் பக்கத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அதிலிருந்து எதிரெதிர் இரண்டு பக்கத்தை மட்டும் எடுத்து, ஏ4 தாளில் புதிதாக நேம் போடுங்கள். கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, விரலை வைத்துக்கொண்டே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் விளக்கக் கூடாது. விரல் தயங்கும் இடத்திலும், பின்னால் திரும்பும் இடத்திலும் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். குறி விழுந்த பேனல்களை மட்டும் மாற்றி, வேறொருவரிடம் கொடுங்கள். குறி விழாமல் ஒருவர் படித்து முடித்த பிறகு நிப்பை வாங்கினால் போதும்.